கால் குத்தினால் தோல்வி

ஜனவரி 27, 2025, திங்கள்

டெஸ்ட் கிரவுண்டில் இன்று என்னிடம் படித்தவர்கள் மூன்று பேர். இருவர் பாஸ். மூன்றாமவர் கூட்டுறவு வங்கியில் காசாளர். எட்டின் இரண்டாம் வட்டத்தில் அவர் கால் பெருவிரல் தரையைத் தொட்டது. இன்ஸ்பெக்டர் அந்நேரம் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் பார்த்தேன், சொல்லிவிட்டேன். காசாளர் போகும்போது என் காதில் விழும்படியே சொன்னார்: "சொந்த ஆளையே தோக்க வைக்குத ஆசானை இப்பத்தான் பாக்கேன்."

பார்க்கட்டும். கம்பி நட்ட பாதையில் எட்டு வடிவத்தில் பைக்கை ஓட்ட வேண்டும். கால் குத்தினால், அதாவது தரையில் ஊன்றினால், தோல்வி. பாறசாலையில் இருபத்தேழு வருடமாக என் டிரைவிங் ஸ்கூலின் வேதம் இந்த ஒரு வரிதான். இன்ஸ்பெக்டர்கள் மாறி மாறி வந்தாலும், சந்தேகம் என்றால் இந்த ஜெயதாஸின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

மாலையில் சபையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வருடாந்தரக் குடும்ப முகாம். வழக்கமாக ஒரு ஹால், மூன்று பிரசங்கம், வேதாகம வினாடி வினா, மீன்குழம்புச் சோறு. இந்த வருடம் "குடும்பத்தோடு கரடுமுரடுப் பாதையில் பைக் ஓட்டும் பயிற்சி." இளைஞர்கள் முகாமுக்கு வருவதில்லை என்பதால் இந்த ஏற்பாடாம். ஏற்பாடு செய்பவன் வாலிபர் சங்கச் செயலாளர் சஜு. இடம் வெள்ளறடைக்கு மேலே, அவன் அப்பா ரப்பர் மரங்களை வெட்டிய மலைச்சரிவு. மறுபடி கன்று நடாமல் அங்கே குழி தோண்டி, மேடு கட்டி, சேறு கலக்கி வைத்திருக்கிறான். கோயிலில் மின்விசிறி மாற்ற நாலு வருடம் யோசித்த கமிட்டி, இதைப் பத்து நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டது.

ஜனவரி 29, புதன்

என் பெண்டாட்டி சுகிர்தபாய் எங்கள் இருவர் பெயரையும் முகாமுக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை.

"என்னத்துக்கு?" என்றேன்.

"வண்டி படிக்க."

"ஆருக்கு?"

"எனக்கு ஆக்கும்."

விஷயம் இதுதான். நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, நவம்பரிலிருந்து வீட்டில் இருக்கிறாள். இப்போது ஒரு தொண்டுக் குழு கூப்பிட்டிருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை. குன்னத்துகாலிலிருந்து மலைப்பக்கம் வரை வீடுகள். பாதி வீட்டுக்கு ஆட்டோகூடப் போகாது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். குழு வண்டி தரும், ஓட்ட லைசென்ஸ் வேண்டும். அது இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்கு.

"நான் கொண்டு விடுவேன்னு சொல்லு. இவ்வளவு நாளும் நான்தானே கொண்டு விட்டது."

"சொன்னேன். அவங்களுக்கு நர்ஸு மட்டும் போதுமாம். நர்ஸுக்க மாப்பிளை வேண்டாமாம்."

1999இல் இவளுக்கு நானே பைக் சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரம். ஏழு தடவை கால் குத்தினாள். உனக்கு பேலன்ஸ் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் முகாமுக்குப் பெயர் கொடுத்தால் நான் என்ன செய்ய?

ஜனவரி 31, வெள்ளி

லேனர்ஸ் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அக்ஷயா இ-சேவை சென்டரில் போய் உட்கார்ந்து தேர்வு எழுதி, ஒரு கேள்விகூடத் தவறவில்லையாம். டிரைவிங் ஸ்கூல் போர்டு தொங்குவது எங்கள் வீட்டு வாசலில். அதைக் கடந்துதான் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

நெஞ்சுக் கவசம் மீடியம் வேண்டுமா லார்ஜ் வேண்டுமா என்று சஜு போனில் கேட்டான். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 8, சனி

முட்டி எரிகிறது. ஆனாலும் இதை இன்றே எழுத வேண்டும்.

காலை எட்டரைக்கெல்லாம் சபையே மலைச்சரிவில் நின்றது. பொருளாளர் முழங்கைக் கவசத்தை முழங்காலில் கட்டிக்கொண்டு, ஏன் ரத்தம் ஓடவில்லை என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாடகர் குழு முழுவதும் ஒரே நிற பூட்ஸ். போதகர் ஒன்பது வண்டிகளுக்கும் தனித்தனியே ஜெபம் செய்தார். அதில் ஒன்று ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்கு மட்டும் இரண்டாம் தடவை ஜெபித்தார், பிறகு சஜு பெட்ரோல் ஊற்றினான்.

பயிற்சி கொடுக்க வந்தது ஆதிரா என்று ஒரு பெண். ஊர் காட்டாக்கடை, இருபத்தாறு வயது இருக்கும். சஜு என்னைக் காட்டி, "இது எங்க ஆசானாக்கும், எங்களுக்கு எல்லாம் லைசென்ஸ் எடுத்துத் தந்தது" என்றான். அவள் கும்பிட்டாள். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அந்த எண்ணம் பத்து நிமிடம் நீடித்தது.

முதல் பாடம் விழுவது எப்படி. இருபத்தேழு வருடமாக விழாமல் இருக்கச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு முன்னால் விழச் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டாம் பாடம், விழுந்த வண்டியை நிமிர்த்துவது. மூன்றாவதுதான் வினை. சேற்று வளைவில் திரும்பும்போது உள்பக்கத்துக் காலை வெளியே நீட்ட வேண்டுமாம்.

"வழுக்கினா குத்திக்கணும். அதுக்குத்தான் கால்" என்றாள்.

நான் கையைத் தூக்கினேன். "மக்ளே, கால் குத்தினா தோல்வி."

"அது டெஸ்ட்டுல, ஆசானே. இங்க கால் குத்தல்லேன்னா ஆஸ்பத்திரி."

சபை சிரித்தது. பொருளாளர் மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகச் சிரித்தார். முதலில் அந்த வளைவில் இறங்கியதும் அவர்தான். வளைவுக்கு வந்தார், முன்சக்கரம் வழுக்கியது, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்ட்டில் ஒட்டியபடியே, முகத்தில் மரியாதை குறையாமல், மெல்ல இடப்பக்கம் சாய்ந்து சேற்றில் படுத்தார். அடுத்து அவர் மனைவி. அதே இடம், அதே சாய்வு. பிறகு பாடகர் குழுவில் ஐந்து பேர். வரிசையாக வந்து வரிசையாகப் படுத்தார்கள். சஜு மட்டும் தப்பினான், அவன் இங்கேயே கிடக்கிறவன். மொத்தம் பதினொரு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி. ஒருவர்கூடக் கால் எடுக்கவில்லை.

பன்னிரண்டாவது நான். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சக்கரம் வழுக்கியது தெரிந்தது. காலை வை, வை என்று ஆதிரா கத்தியதும் கேட்டது. கால் வரவில்லை. மூன்று தடவை விழுந்தேன், மூன்று தடவையும் கால் வரவில்லை. சேற்றில் கிடந்தபோதும் என் பாதம் ஃபுட்ரெஸ்ட்டில்தான் இருந்தது.

லைசென்ஸ் இல்லாத நாலு பெண்கள் மிச்சம். நாலு பேரும் வளைவைத் தாண்டினார்கள். சுகிர்தபாய் காலை நீட்டி, தட்டித் தட்டி, மீன் சந்தையில் ஈரத்தில் நடக்கிற மாதிரி நிதானமாகத் திரும்பி மேலே போய்விட்டாள். வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைத் தேடினாள். நான் அப்போது ஹெல்மெட்டிலிருந்து சேறு வழித்துக்கொண்டிருந்தேன்.

ஆதிரா குறிப்பேட்டைப் பார்த்தாள், விழுந்தவர்களைப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் எந்த ஸ்கூல்ல படிச்சது?"

பதினொரு ஹெல்மெட்டுகளும் என் பக்கம் திரும்பின.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை மரத்தடியில். காணிக்கை ஹெல்மெட்டில் எடுத்தார்கள். போதகர் விழுந்தவர்களைத் தூக்கிவிடுவதைப் பற்றிப் பேசினார். நேற்று விழுந்தவர்கள் எல்லோரும் தலை குனிந்து கேட்டோம், அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மேட்டில் ஏறுவது. இரண்டு தடவை வழுக்கி இறங்கிவிட்டு மூன்றாம் தடவை சுகிர்தபாய் ஏறிவிட்டாள். நான் ஏறவில்லை. முட்டி வீங்கியிருந்தது. அவள் இறங்கி வந்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, நாலு பக்கமும் அமுக்கிப் பார்த்துத் துணி சுற்றினாள். ஆஸ்பத்திரியில் யாருக்கோ சுற்றுகிற கை அது.

"ஒடிவு ஒண்ணும் இல்லே" என்றாள். முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். "அரை மணிக்கூறு பாத்துட்டு இருபத்தாறு வருசத்துக்குத் தீர்ப்பு சொல்லிட்டிய, இல்லியா?"

நான் முட்டி வலிப்பதாகச் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

மூன்று நாளாக கிரவுண்டுப் பக்கம் போகவில்லை. விஷயம் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. பால் வாங்கப் போன இடத்தில், "ஆசானே, கால் எப்படி, இப்ப வருதா?" என்று கேட்கிறார்கள். வீக்கத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

அவளுக்கு எட்டு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். மார்ச் நாலாம் தேதி டெஸ்ட்.

சேற்றிலும் மேட்டிலும் ஓட்டியவள் சமதரையில் கால் குத்துகிறாள். "குத்தாதே!" என்று நான் கத்தினால், நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.

"விழப் போவும்போ வைக்காம பின்னே எப்ப வைக்க?"

"விழப் போவாதே. அதாக்கும் படிக்க வேண்டியது."

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தானே பதினொண்ணு பேரும் மண்ணுல கிடந்தது."

பன்னிரண்டு என்று சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவள்.

பிப்ரவரி 20, வியாழன்

எட்டு தடவையில் ஆறு தடவை சுத்தமாகப் போட்டாள். வேகத்தைக் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்ளத் தெரிகிறது. பின் பிரேக்கை லேசாகப் பிடித்து வண்டியைத் தவழ விடுகிறாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் காட்டாக்கடைக்காரி சொல்லியிருக்க வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வர வேண்டும், வரவில்லை. ஏன் என்று தெரியும். இருபத்தாறு வருடம் காலையும் மாலையும் என் பின்னால் உட்கார்ந்து போனாள். வீட்டில் அவள் பேசுவது குறைவு, அடுப்பும் துணியும் ஜெபமும் போக நேரமில்லை. பைக்கில் ஏறிவிட்டால் வார்டு கதை முழுவதும் சொல்வாள். எந்த டாக்டருக்கு எந்த நர்ஸோடு சண்டை, எந்தக் கிழவர் ஊசியைக் கண்டால் அழுவார், எல்லாம். நவம்பரிலிருந்து அதுவும் இல்லை. புது வேலைக்கு நான் கொண்டு விட்டால் அது திரும்ப வரும் என்று இருந்தேன். அவள் லைசென்ஸ் எடுத்தால் எனக்கு அவள் பேச்சு கிடைக்காது. இதை யாரிடம் சொல்ல முடியும்? ஐம்பத்தைந்து வயது ஆசான்.

மார்ச் 4, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

அவள் முறை பத்தரைக்கு வந்தது. முதல் வட்டம் சுத்தம். இரண்டாம் வட்டத்தில், நான் நிற்கிற மூலையில், சின்னக் கல் ஒன்றில் ஏறி வண்டி ஆடியது. அவள் இடது கால் இறங்கித் தரையைத் தட்டிவிட்டு மேலே போனது. ஒரு நொடிதான். எட்டை முடித்து வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் நின்ற பக்கத்திலிருந்து வண்டி மறைத்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். "ஆசானே, அந்த மூலையில் கால் பட்டோ?"

கிரவுண்டில் முப்பது பேர் இருந்தார்கள். நான் சொன்னேன்: "இல்லை சார். படல்ல."

அவர் பேனாவைத் தாளில் வைத்துவிட்டார். சுகிர்தபாய் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "பட்டுது சார்" என்றாள். "வண்டி ஆடிச்சு. குத்தினேன்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். அடுத்த தேதிக்கு வாருங்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஜனவரியில் தோற்ற காசாளரும் இன்று வந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

அவளை பைக்கில் ஏறச் சொன்னேன். "பஸ்ஸுல வாறேன்" என்று நடந்துவிட்டாள்.

மார்ச் 5, புதன்

சோறு வைத்தாள், குழம்பு வைத்தாள், பேசவில்லை. சாப்பிட்டு முடித்து நானே கேட்டேன், உனக்காகத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு என்று.

"எனக்காகக் கள்ளம் சொல்லாண்டாம்" என்றாள். "நான் தோத்தா அது எனக்க தோல்வியாட்டு இருக்கட்டும். ஜெயிச்சா அதும் எனக்க. நீங்க எனக்காட்டு ஒரு கள்ளம் சொன்னது போதும்."

"எந்தக் கள்ளம்?"

"பேலன்ஸ் இல்லேன்னு சொன்னிய பாத்தியளா, அது."

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எலே ஜெயதாசா, அவளுக்கு எப்பம்லே தெரியும்? அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிட்டே இருபத்தாறு வருசம் எனக்கப் பின்னால உக்காந்து வந்திருக்கா.

மார்ச் 6, வியாழன்

எழுதிவிடுகிறேன். முதல் அரை மணியில் ஏழு தடவை கால் குத்துவது பெரிய விஷயமே இல்லை. என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் பத்துக்கு மேல் குத்தியிருக்கிறார்கள். பத்து நாள் ஆகாமல் யாரைப் பற்றியும் நான் ஒரு சொல் சொன்னதில்லை. 1999இல் அவளுக்குத் திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பைக் படித்தால் போய்வந்துவிடுவேன் என்றாள். நான் அவளைக் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனேன், அரை மணி பார்த்தேன், பேலன்ஸ் இல்லை என்றேன். அவள் நெய்யாற்றின்கரையிலேயே இருந்துவிட்டாள். கொண்டுபோய் விட எனக்கு வசதி. பேலன்ஸ் நன்றாகவே இருந்தது. அன்றைக்கே பார்த்தேன்.

காசாளரின் பெருவிரல்வரை பார்க்கிற கண்தானே.

மார்ச் 13, வியாழன்

ஸ்கூல் பைக்கை அவள் தொடவில்லை. சாவி ஆணியிலேயே தொங்குகிறது. சாயங்காலம் நாலரைக்கு எங்கோ போய் ஆறுக்கு வருகிறாள். கேட்டால் "நடக்க" என்கிறாள். நடந்து வந்தால் செருப்பில் இத்தனை செம்மண் ஏன்?

மார்ச் 20, வியாழன்

இன்று டெஸ்டுக்கு என்னிடம் ஆள் இல்லை, கிரவுண்டுக்குப் போகவில்லை. மதியம் பிஜு போன் செய்தான். நெய்யாற்றின்கரை ரோட்டில் ஸ்கூல் நடத்துகிறான், பதினைந்து வருடமாக எனக்குப் போட்டி. பாதி மாணவர்களை நான் பிடித்தேன் என்று அவனும், அவன் பிடித்தான் என்று நானும் சொல்லித் திரிகிறோம்.

"ஆசானே, சேச்சி பாஸ் கேட்டோ. எட்டு கிளீன். ரோடும் கிளீன்."

"எந்த சேச்சி?"

"ஐயோ, ஆசானுக்கு அறியாதா? எனக்க ஸ்கூல்லயாக்கும் சேச்சி படிச்சது." என்றான். அந்த ஐயோவில் இருந்த சந்தோஷத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

போச்சு. பாறசாலையில் இனி ஒரு பிள்ளையும் என்னிடம் வராது. சொந்தப் பெண்டாட்டிக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுக்க ஆகாதவன்கிட்ட எவன் வருவான்? மானத்தைக் கொண்டுபோய் அந்தப் பிஜுவின் வாசலிலேயே கொட்டிவிட்டாள். வரட்டும், கேட்கிறேன்.

வந்தாள். கேட்கவில்லை. "பாஸா?" என்று மட்டும் கேட்டேன். "ஆமா" என்றாள். "நல்லது" என்றேன். அது உண்மையாகத்தான் வந்தது, எனக்கே ஆச்சரியம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஏழரைக்கு "வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருமுனையில் திரும்பும்போது காலைக் கொஞ்சம் நீட்டினாள். அங்கே சேறு இல்லை, பழக்கம்.

ஏப்ரல் 3, வியாழன்

வீடு அமைதி. ஒன்பது மணிவரை அவள் வாயிலிருந்து நாலு வார்த்தை. இன்று பார்த்த நோயாளியைப் பற்றி நானாகக் கேட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தாள், பிறகு ஒன்றிரண்டு சொன்னாள். பைக்கில் சொன்ன மாதிரி இல்லை, ஆனாலும் சொன்னாள்.

ஏப்ரல் 12, சனி

காலையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஸ்கூலுக்கு வந்தார்கள். குன்னத்துகால் பக்கம். அந்தப் பெண் பிரேமகுமாரி, நாற்பத்தொரு வயது, தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் மாமியார் படுக்கையில் கிடக்கிறார், அவரைப் பார்க்க சுகிர்தபாய் வாரத்துக்கு இரண்டு தடவை போகிறாள்.

"பிஜு ஆசானுக்க கிட்ட போவத்தான் சிஸ்டர் சொன்னாங்க" என்றாள் பிரேமகுமாரி. "இது பக்கமா இருக்கேன்னு இவரு இங்க கொண்டு வந்தாரு."

வண்டியை எடுத்துக் கொடுத்தேன். பயந்து பயந்து ஓட்டினாள். இருபது நிமிடத்தில் ஒன்பது தடவை கால் குத்தினாள். புருஷன் மாமரத்தடியில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது தடவை என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்கிற தோரணையில் சொன்னான்:

"ஆசானே, இவளுக்கு பேலன்ஸ் இல்லே. நீங்களே அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஆசான் சொன்னா கேப்பா. நானே கொண்டு விட்டுக்கிடுவேன்."

அவள் வண்டியை நிறுத்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, ஹெல்மெட்டைக் கழற்றக் கையை வைத்துவிட்டாள். கழற்ற வேண்டாம், இன்னொரு ரவுண்டு போ என்று சைகை காட்டினேன்.

திங்கட்கிழமை முதல் காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூட யாரும் வர வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன்.